சரிவு அறிந்த பாதம்

டிக்கோயாவின் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து படமெடுப்பவர்கள் கொழுந்துக் கூடையையும் கைவிரல்களையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். காலை விட்டுவிடுகிறார்கள். மழை பெய்து ஓய்ந்த மலையில், ஒரு நிரையிலிருந்து கீழ்நிரைக்கு இறங்கும் பெண்ணின் பாதத்தைப் பார்க்க வேண்டும். அது நேராக இறங்காது; சரிவுக்குக் குறுக்கே சற்றுத் திரும்பும். வெளிவிளிம்பு முதலில் மண்ணைத் தொடும். மண் தாங்கும் என்று தெரிந்த பிறகே பெருவிரல் பக்கம் பாரம் சாயும். ஐந்து விரல்களும் அகன்று ஈரமண்ணைப் பற்ற, முழங்கால் மெல்ல மடங்கிக்கொடுக்கும். தலையிலிருந்து முதுகில் தொங்கும் கூடை அசைவதே இல்லை. எத்தனை நேர்த்தி!

நெடுந்தூரம் நடக்கச் சப்பாத்து வாங்குகிறவருக்கு இந்தப் பாதமே அளவுகோல். விரல் விரிய இடம் இருக்கிறதா, அடிப்பகுதி மண்ணைப் பிடிக்கிறதா, விரல்கள் மடங்கும் இடத்திலேயே சப்பாத்தும் மடங்குகிறதா என்று பார்த்தால் போதும். நடுவில் மடங்கும் சப்பாத்து எத்தனை அழகாக இருந்தாலும் மலைக்கு ஆகாது.

அப்படிப்பட்ட நடை இங்கே அருகிலேயே உண்டு. ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகிறது சிவனொளிபாத மலைக்கான வீதி. டிசம்பர்ப் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் வரை யாத்திரைக் காலம். 2,243 மீற்றர் உயரம், சுமார் 5,500 படிகள். ஏறும்போது நெஞ்சு உழைக்கிறது; இறங்கும்போதுதான் காலுக்குச் சோதனை. ஒவ்வொரு படியிலும் பாதம் முன்னே சறுக்கி, விரல்நுனி சப்பாத்தில் இடிக்கும். ஊர் திரும்பிய பிறகு பெருவிரல் நகம் கறுப்பது இதனால்தான்.

ஆகவே விரல்நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். பகல் முழுதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். மாலையில், நடக்கும்போது அணியப்போகும் சொக்ஸோடு போட்டுப் பாருங்கள். குதிகால் மேலெழும்பக் கூடாது. புதுச் சப்பாத்தைச் சில வாரமாவது வீதியில் பழக்குங்கள். நகத்தை நேராக வெட்டிக்கொள்ளுங்கள். உச்சியில் ஈர சொக்ஸை மாற்றி, கணுக்காலருகே நாடாவை இறுக்கிக் கட்டி இறங்கினால் குதிகால் இருந்த இடத்தில் இருக்கும், விரல்கள் பிழைத்துக்கொள்ளும்.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. ஈரமும் உராய்வும் சேர்ந்த இடத்தில் முதலில் இலேசான சூடு தெரியும். அந்த நொடியில் நின்று, காலைத் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டுபவரே தேர்ந்த நடையாளர். இன்னும் ஒரு வளைவுதானே என்று போகிறவர் மறுநாள் நொண்டுவார்.

மழைக்கால மலையில் அட்டைக்கும் ஆயத்தம் வேண்டும். தோட்டத்தில் காலுக்குச் சவர்க்காரம் பூசிக்கொள்வார்கள். உப்பும் கைவசம் இருக்கும். அட்டை கடிப்பதே தெரியாது; இரத்தம் உறையாமல் வழியும்போதுதான் தெரியும். பிய்த்து இழுக்காமல், நகத்தால் அதன் வாயைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, கழுவி, சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போதும்.

இத்தனை கவனமும் யாத்திரை போகிறவரின் காலுக்குக் கிடைக்கிறது; தோட்டத்தில் உழைப்பவரின் காலுக்கு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அவர்கள் வழிவந்தவர்களில் பலர் இன்றும் ரப்பர்ச் செருப்போடும் வெறுங்காலோடும்தான் கொழுந்து மலை ஏறுகிறார்கள். சேற்றுப்புண்ணும் பித்தவெடிப்பும் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியான மிலாறின் குத்தும் அந்தப் பாதங்களுக்குப் பழகிவிட்டன என்பார்கள். வலிக்குப் பழகுவது என்று ஒன்று இல்லை. விரல் விரிய இடம் விட்டு, தண்ணீர் வடிய வழி வைத்து, சரிவில் பிடிக்கும் அடியோடு, அட்டை ஏறாமல் ஒரு சப்பாத்து இந்த மலைக்கென்றே செய்யப்பட வேண்டும். அதன் முதல் சோடி கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கே போய்ச் சேர வேண்டும்.