விக்டோரியா பூங்காவின் மாரிகால விருந்தாளிகள்

ஹட்டனிலிருந்து பறவைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்களை நான் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குத்தான் அனுப்புவேன். தலவாக்கலை வழியாக பஸ்ஸிலேயே போய்விடலாம். 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழா நினைவாகப் பெயர் பெற்ற பூங்கா அது.

மாரிகாலத்தில் அங்கே காஷ்மீர் ஈப்பிடிப்பான் வந்திருக்கும். இமயமலைக் காட்டில் இலைகள் பழுக்கும் காலத்தில் புறப்பட்டு, இலையுதிர்காலமே இல்லாத நம் மலைக்கு வந்து சேருகிறது. சிட்டுக்குருவியைவிடச் சிறிய உடம்பு. ஆணுக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள். அந்த நிறத்தின் இருபுறமும் மை தீட்டியதுபோல் கறுப்புக் கரை. என்ன அழகு!

ஓடையோரச் சருகுகளைக் கிளறி இரை தேடும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவி கூச்சக்காரப் பறவை. ஆறுமணிக் குருவியும் அதே நிழலில்தான் திரியும். இவற்றை நின்றபடி எடுத்தால் முதுகுதான் விழும். மண்டியிட்டு, லென்ஸைப் பறவையின் கண்மட்டத்துக்கு இறக்க வேண்டும். மரநிழலில் வெளிச்சம் போதாது. ஐஎஸ்ஓவைத் தயங்காமல் கூட்டுங்கள், படம் கொஞ்சம் புள்ளிபுள்ளியாக வந்தாலும் பரவாயில்லை. பனிமூட்டம் வந்தால் கெமராவை மூடிவிடாதீர்கள். கடும் நிழல் விழாத அந்த வெளிச்சத்தில்தான் இறகின் ஒவ்வொரு இழையும் தெரியும்.

மார்ச் முடிவதற்குள் போய்வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு அவை வடக்கே திரும்பிவிடும்.