நாள்வழி வினாவும் வரலாற்றறிவும்: விருத்தாசலத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பள்ளிக் காலை வழிபாட்டுக் கூட்டத்திலும் நாளிதழ்களின் ‘வரலாற்றில் இன்று’ பகுதியிலும் இடம்பெறும் நாள்சார் வினாவிடையை ஒரு பனுவல் வடிவமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஆங்கில நாட்காட்டியின் ஒரு நாளில் அடங்குவதே வரலாறு என்னும் எண்ணத்தை இவ்வடிவம் வளர்க்கிறது என்பதும், வினாவின் அமைப்பை மாற்றினால் இக்குறையைக் களையலாம் என்பதும் இதன் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: நாள்சார் வினா, நினைவுநாள், ஆட்சியாண்டு, விருத்தாசலம், பீங்கான் தொழில்

முன்னுரை

தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்கள் நாள்தோறும் தம்முள் பகிர்ந்துகொள்ளும் காலை வழிபாட்டுச் செயல்பாட்டுத் தாளில் திருக்குறள், பழமொழி, பொது அறிவு, நீதிக்கதை, செய்திகள் ஆகியவற்றோடு அன்றைய நாளுக்குரிய பிறப்பும் மறைவும் நிகழ்வும் இடம்பெறுகின்றன. இவற்றிலிருந்து எழும் வினா இருவகைப்படும். ஒன்று நாளைத் தந்து ஆளைக் கேட்பது. மற்றொன்று ஆளைத் தந்து நாளைக் கேட்பது. சில நிமிடங்களில் முடிவதும், எல்லா மாணவரையும் பங்கேற்கச் செய்வதும், போட்டித் தேர்வுக்கு உதவுவதும் இவ்வடிவத்தின் நன்மைகள்.

நாளைப் போற்றுதல் தமிழுக்குப் புதிதன்று. அரசனின் பிறந்தநாளைச் சிறப்பிக்கும் நாண்மங்கலம் பாடாண் திணையின் ஒரு துறையாகும். ஆயினும் அத்துறை வாழ்த்துவதோடு அமைகிறது. இன்றைய வினாவோ விடையைச் சரி, தவறு என வகுத்து மதிப்பெண் இடுகிறது. ஆகவே இவ்வடிவம் எதனைச் ‘சரி’ எனக் கொள்கிறது என்பது ஆய்வுக்குரியதாகிறது.

ஒற்றை விடையும் இரட்டை நாளும்

பாரதியின் நினைவுநாள் எது என்பது எளிய வினாவாகத் தோன்றும். அவர் மறைந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவைக் கடந்த பின்னராகும். ஆங்கிலக் கணக்கில் அது 12ஆம் நாள். கதிரவன் எழுகையில் நாள் தொடங்கும் மரபுக் கணக்கில் அது 11ஆம் நாளின் இரவே. தமிழ்நாடு அரசு 2021இல் செப்டம்பர் 11ஐ மகாகவி நாளாக அறிவித்தது. 12 என விடையளிக்கும் மாணவர், விடைக்குறிப்பில் 11 இருப்பின் மதிப்பெண் இழப்பார். நாள் எங்கே தொடங்குகிறது என்னும் அரிய வினாவும் அத்துடன் மறைந்துவிடும்.

தமிழ்நாடு நாளும் இத்தகையதே. மொழிவழி மாநிலம் அமைந்த 1956 நவம்பர் 1ஐ அடியொற்றி 2019இல் நவம்பர் 1 கொண்டாடப்பட்டது. மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிட வேண்டி அண்ணா சட்டப்பேரவையில் தீர்மானம் கொண்டுவந்த 1967 ஜூலை 18ஐ முன்னிட்டு, இனி ஜூலை 18 கொண்டாடப்படும் என 2021இல் அரசு அறிவித்தது. அப்பெயர் நடைமுறைக்கு வந்ததோ 1969 ஜனவரி 14இல். எல்லையா, பெயரா, எது மாநிலத்தின் பிறப்பு என்னும் கருத்து வேறுபாடே இங்கு வரலாறு. விடைக்குறிப்பு அதனை ஒரு தேதியாகச் சுருக்குகிறது.

தேதியில் அடங்கா நகரம்

இவ்வடிவம் தேதியற்றவற்றை விலக்கிவிடுவதை விருத்தாசலத்தைக் கொண்டு தெளியலாம். அப்பெயரைக் கேட்டவுடன் நாள்சார் வினாவுக்கு எளிதில் கிடைக்கும் செய்தி, சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய புதுமைப்பித்தன் 1906 ஏப்ரல் 25இல் பிறந்தார் என்பது. அவர் பிறந்த ஊர் திருப்பாதிரிப்புலியூர். வினாவில் ஊரின் பெயர் நுழைகிறது, ஊர் நுழைவதில்லை.

திருமுதுகுன்றம் எனத் தேவாரம் போற்றும் இவ்வூரின் பழமலைநாதர் கோயிலைச் செம்பியன் மாதேவி கற்றளியாக்கினார் என்பது வரலாற்றறிஞர் கருத்து. சோழர் கல்வெட்டுகள் காலத்தை மன்னனின் ஆட்சியாண்டால் குறிக்கின்றன. மேலும், இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களைச் சோழ மன்னர் மாறிமாறிப் பூண்டதால், பட்டம் மட்டுமே உள்ள கல்வெட்டு எம்மன்னனுடையது என்பதை எழுத்தமைதி கொண்டும் பிற சான்றுகள் கொண்டும் துணிய வேண்டியுள்ளது. கிழமையும் நட்சத்திரமும் குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே, எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்டது போன்ற பஞ்சாங்க அட்டவணைகளின் துணையால் ஆங்கில நாளைக் கணிக்க இயலும். இராசராசனின் ஐப்பசிச் சதயமும் இராசேந்திரனின் ஆடித் திருவாதிரையும் ஆண்டுதோறும் வெவ்வேறு ஆங்கில நாளில் வருவதும் இங்கு எண்ணத்தக்கது.

இக்காலத்தில் இவ்வூருக்குப் பீங்கான் நகரம் என்னும் பெயரைத் தந்த தொழிலும் இவ்வாறே விடுபடுகிறது. களிமண்ணைக் கழுவிச் சலித்தல், அச்சில் வார்த்தல், உலர்த்தல், சூளையில் சுடுதல், மெருகுப்பூச்சு இடுதல் எனத் தொடரும் பணிகளும், தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பக் கல்வியும் சேர்ந்தே அப்பெயரை ஆக்கின. பல ஆண்டுகளாகப் பலரது கைகளில் வளர்ந்த திறனுக்குப் பிறந்தநாள் இல்லை. ஆதலால் சூளைத் தொழிலாளியின் பிள்ளை வழிபாட்டுக் கூட்டத்தில் தொலைநாட்டுத் தலைவரின் பிறந்தநாளைச் சொல்லக் கற்கிறது. வீட்டாரின் தொழில் வரலாறாகும் என்பதை அறிவதில்லை.

வினாவை மாற்றுதல்

இதற்குத் தீர்வு நாள்சார் வினாவைக் கைவிடுவதன்று. வாரத்தில் ஒரு நாளேனும் ‘எந்த நாள்?’ என்பதற்கு மாற்றாக ‘அந்நாள் எவ்வாறு அறியப்பட்டது?’ எனக் கேட்கலாம். பாரதிக்கு இரு நினைவுநாள்கள் குறிக்கப்படுவது ஏன்? ஆட்சியாண்டு மட்டுமே உள்ள கல்வெட்டின் காலத்தை எவ்வாறு துணிவது? நம் ஊரின் பீங்கான் தொழிலுக்கு மண் எங்கிருந்து வந்தது? முதலிரண்டு வினாக்களுக்கு ஆசிரியர் விளக்கம் போதும். மூன்றாவதற்கு மாணவர் வீட்டில் கேட்டுவர வேண்டும். அவ்விடை எந்த விடைக்குறிப்பிலும் இராது. வழிபாட்டுக் கூட்டத்தின் சில நிமிடங்கள் விளக்கத்திற்குப் போதா என்னும் தடை நியாயமானதே. எனினும் வினாவைத் திங்களன்று தொடுத்து, விடைகளை வெள்ளியன்று கேட்டால் அத்தடை நீங்கும்.

முடிவுரை

நாள்சார் வினா நினைவாற்றலை வளர்க்கிறது. ஆனால் தேதியுடையதை மட்டுமே தெரிவுசெய்கிறது. முரண்படும் நாள்களில் ஒன்றை மட்டும் ஏற்று, ஆட்சியாண்டாலும் நட்சத்திரத்தாலும் அறியப்படுவதைப் புறத்தே நிறுத்தி, மெல்ல உருவான தொழிலை முற்றிலும் விட்டுவிடுகிறது. விருத்தாசலத்தின் கோயிலும் சூளையும் இவ்வரம்பை ஒருங்கே உணர்த்துகின்றன. பிற தொழில் நகரங்களின் பள்ளிகளிலும் வழிபாட்டுத் தாள்களைத் தொகுத்து, உள்ளூர்ச் செய்திகள் அவற்றில் பெறும் இடத்தைக் கணக்கிடுவது இவ்வாய்வின் அடுத்த படியாகும்.