புள்ளியின் விலை

சென்ற ஞாயிற்றுக்கிழமை பூச்சோங் கடைத்தெருவில் ஒரு புதுப் பெயர்ப்பலகை கண்டேன். கையால் வரைந்த எழுத்துக்கள். துள்ளுவன சில, சாய்வன சில. அழகுக்குக் குறைவில்லை. ஆயினும் உடன் வந்த தோட்டத்துச் சிறுவன் அதனைப் "பல வைத்தியம்" என்று படித்தான். எழுதியிருந்ததோ "பல் வைத்தியம்"! லகரத்தின் புள்ளியை ஓவியர் பூவாக்கிக் கொடியினுள் மறைத்துவிட்டார்.

அன்பர்களே, எழுத்து விளையாடலாகாது என்பது என் கட்சியன்று. ஓவியர் ஆதிமூலம் (1938–2008) நூல் அட்டைகளுக்கும் இதழ்களுக்கும் வரைந்த தலைப்பெழுத்துக்களை நோக்குக. அச்செழுத்தின் ஒழுங்கை அவை உதறின. எனினும் ணகரம் ணகரமாகவே நின்றது.

பெரியார் 1935-ல் "குடி அரசு" இதழில் கைக்கொண்டு, தமிழ்நாட்டரசு 1978-ல் ஏற்ற சீர்திருத்தமும் உருவத்தை மாற்றியதன்றோ எனச் சிலர் வினவலாம். மாற்றியது உண்மையே. துதிக்கை வைத்த பழைய "லை" நீங்கியது கற்பவர்க்கு எளிமை வேண்டியேயாம். பலகை ஓவியரின் மாற்றத்தையும் அவ்வுரைகல்லிலேயே உரைத்துப் பார்ப்போம்: படிப்பவனுக்கு எளிதாயிற்றா, அரிதாயிற்றா?

தோட்டத்தில் சம்பளக் கணக்கெழுதும் எனக்கு ஒரு புள்ளியின் விலை தெரியும். அஃது இடம் மாறினால் ஓர் ஏழையின் கூலியே மாறிவிடும். பள்ளிக்கு வெளியே நம் சிறுவர் தமிழெழுத்தைப் பெரும்பாலும் காண்பது கடைப்பலகைகளில்தான். அவை பிழைபடக் கற்பித்தல் தகுமோ?

வணிகப் பெருமக்களே, ஓவியத் தோழர்களே! எழுத்து ஆடட்டும், பாடட்டும். புள்ளி மட்டும் தன் இடத்தில் இருக்கட்டும்.