ஆகோள் கற்கள்: ஏலமலைச் சரிவும் கெல்டியரும்

போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி, போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு தாண்டி மறையூர் போனால் பாறைத்திட்டுகளின் மேல் கல்திட்டைகள் நிற்கின்றன. சுற்றிலும் பலகைக்கற்கள், மேலே ஒரு மூடுகல். முனிவர்கள் தங்கிய இடமென்று நம்பி ஊரார் முனியறை என்கிறார்கள். உண்மையில் அவை பெருங்கற்கால ஈமச் சின்னங்கள்.

இவற்றைப் போன்ற நீலகிரியின் பழங்கற்களை ஆராய்ந்த ஆங்கிலப் படை அதிகாரி காங்கிரீவ், 1847இல் அவற்றைப் பழைய ஐரோப்பிய மக்களான கெல்டியரின் பூசாரிகளான துருயிதுகளோடு முடிச்சுப் போட்டார். பெருங்கல் எதைக் கண்டாலும் கெல்டியர் கணக்கில் எழுதுவது அன்றைய ஐரோப்பாவின் வழக்கம். அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறையோ கி.மு. 3200 வாக்கில் எழுந்தது. கெல்டியரின் தொடக்கமாகப் பலர் கொள்ளும் ஹால்ஸ்டாட் இரும்புக்காலம் அதற்கு 2,000 ஆண்டுகளுக்கு மேல் பிந்தியது. கல்லின் சாயலை வைத்து உறவு கொண்டாட முடியாது.

ஒப்பிடத் தகுந்தது மாடு. அயர்லாந்தின் பழங்கதையில் மேவ் அரசி ஒரு காளைக்காகப் படையெடுக்கிறாள். நம்மிடம், புறத்திணை இலக்கணத்தின் வெட்சித்திணைக்கு மையமே ஆநிரை கவர்தலாகிய ஆகோள்தான். இலக்கணம் சொன்ன அந்தப் போருக்கு 2006இல் மண்ணிலிருந்தே சாட்சி கிடைத்தது. ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில், வைகைக் கரையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். பிற்கால நடுகற்களில் வில்லும் வாளுமாக நிற்கும் வீரன் இவற்றில் இல்லை. தமிழ்ப் பிராமி எழுத்து மட்டுமே. ஒரு கல்லின் வாசகம், கூடலூர் ஆகோளில் பட்ட தீயன் அந்தவனின் கல் என்கிறது. இன்னொன்று உடைந்து, பெயரின் பெரும்பகுதி போய்விட்டது. காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டு அல்லது அதற்கும் முன் என்பது தொல்லியலாளர் கா. ராஜனின் கணிப்பு.

இந்தக் கற்களின் பெருமை பழமையில் மட்டும் இல்லை. துருயிதுகள் தங்கள் மறையை ஏட்டில் எழுத மறுத்து, சிலர் 20 ஆண்டுகள் வரை மனப்பாடம் செய்ததாக ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். ஆகவே கால் (Gaul) நாட்டுக் கெல்டியரின் சமயத்தைப் பெரிதும் அவர்களை வென்றவனின் எழுத்து வழியாகவே படிக்கிறோம். மேவின் கதையும் கிறித்தவத் துறவிகளின் கையால்தான் ஏடேறியது. கெல்டியர் தாமே விட்டுச்சென்றவற்றில் மிகுதியாகப் பேசுவது உலோகக் கலை: லா தேன் (La Tène) பாணியின் சுருளும் கொடியுமான கோடுகள். அந்தச் செய்நேர்த்திக்கு ஈடான கைவேலை புலிமான்கோம்பைக் கல்லில் இல்லை. ஆனால் அரசனல்லாத ஒருவனின் பெயர், அவன் பட்ட போர், போர் நடந்த ஊர் மூன்றும் அவனுடைய மக்களின் மொழியிலேயே இருக்கின்றன. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

மாட்டைச் சுற்றிய வழிபாடு இன்னும் உயிரோடிருக்கிறது. கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத் தொழுவுக்கு மாட்டுப் பொங்கலன்று கூட்டம் திரள்கிறது. இதை வைத்து அந்தவன் காலத்துக்குக் கோடு இழுப்பது அவசரம். முதலில் செய்யவேண்டியது வேறு. மாநில எல்லை மலைமுகட்டில் ஓடுவதால் மறையூர்த் திட்டைகள் கேரளத் தொல்லியலிலும் வைகைக் கற்கள் தமிழகத் தொல்லியலிலும் பேசப்படுகின்றன. இரண்டையும் ஒரே நிலப்படத்தில் வைத்து, இடைப்பட்ட ஏலத்தோட்டச் சரிவுகளை ஊர் ஊராக அளந்து பதியவேண்டும். இம்மலைகளின் பழங்குடிகளான முதுவரும் மன்னாரும் பளியரும் அந்த அளவையில் வழிகாட்டிகளாக மட்டுமின்றி ஆய்வாளர்களாகவும் இடம்பெற வேண்டும்.