நீளாத தகடு

புரட்டாசி பிறக்கிற சமயமாகப் பார்த்து நமது கல்லூரி வாசல்களில் ஒருவகைப் பதாகை முளைக்கத் தொடங்கிச் சில ஆண்டுகளாகின்றன. உலகின் தலைசிறந்த இரண்டு சதவீத விஞ்ஞானிகளுள் ஒருவராக எங்கள் பேராசிரியர் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார் என்றும், ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகமே இவ்விருதை வழங்கியிருக்கிறது என்றும், தாளாளரின் படம் பேராசிரியரின் படத்தைவிட இருமடங்கு பெரிதாக விளங்க, அது ஊருக்கு அறிவிக்கிறது. விருது என்று அதில் ஒன்றுமில்லை. அப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் அயோனிடிஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் கிடக்கும் மேற்கோள்களைக் கூட்டி வகுத்து வெளியிடும் ஒரு கணக்கு அது; அந்த அட்டவணையிலேயே, ஒருவர் தம்மைத் தாமே எவ்வளவு மேற்கோள் காட்டிக்கொண்டார் என்ற பத்தியும் நேர்மையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பதாகை எழுதுகிறவருக்கு அந்தப் பத்தி மட்டும் எப்படியோ கண்ணில் படுவதில்லை.

இதைக் குறைகூறிக்கொண்டே சென்ற பௌர்ணமியன்று கிரிவலம் வந்தபோது, உடன் நடந்த கணிதப் பேராசிரியர் ஒருவர் (ஓய்வு பெற்றவர், என்னைவிட நிதானமானவர்) அடி அண்ணாமலை கோயிலைத் தாண்டுமட்டும் பொறுத்திருந்துவிட்டு, பட்டியலுக்கும் அதில் இடம்பெறும் பாய்ம இயக்கவியல் ஆராய்ச்சிக்கும் வக்காலத்து வாங்கினார். வருணலிங்கமும் வாயுலிங்கமும் அமைந்த பக்கம் அது. நீரையும் காற்றையும் பற்றி வாதாட அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆய்வுக்கூடத்துக்குக் காசில்லாத கல்லூரியில் காகிதமும் பேனாவும் ஒரு கணினியும் கொண்டு செய்யக்கூடிய விஞ்ஞானம் இது ஒன்றுதான் என்பதும், இதனால் எத்தனையோ கிராமத்துப் பிள்ளைகள் முனைவர்களாகியிருக்கிறார்கள் என்பதும் அவருடைய வாதத்தின் சாரம்.

இவற்றில் பலவற்றை நான் ஒப்புக்கொள்கிறேன். நேர்கோட்டில் அடங்காத வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கையாளப் பழகுவது நல்ல பயிற்சி. செங்கத்துக்கு அப்பாலிருந்து பேருந்தில் வந்து படித்த ஒரு பெண், ரூங்கே–குட்டா முறையைத் தானே கணினியில் எழுதிப் பார்க்கும்போது அவள் முகத்தில் தோன்றும் தெளிவு பொய்யன்று. முன்பெல்லாம் நல்ல சஞ்சிகைகள் எட்டாக் கனியாக இருந்தன என்பதும் உண்மை; ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற பெயரில், மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 சஞ்சிகைகளை 2025 ஜனவரி முதல் அரசுக் கல்லூரிகளுக்குத் திறந்துவிட்டதும் வரவேற்கத்தக்கதே. ஆனால் வாசிக்கக் கிடைப்பது ஒன்று, எழுதப்படுவது வேறொன்று. என் ஆட்சேபம் எழுதப்படுவதைப் பற்றியது, அது இன்று நேற்று எழுந்ததுமன்று.

1970ஆம் ஆண்டில் கிரேன் என்பவர் ஓர் அழகிய சிறு கணக்கைச் செய்து காட்டினார். அசையாத நீர்மத்தில் ஒரு தகடு தன் தளத்திலேயே இழுபட்டு நீள்கிறது. நிலைபெற்ற புள்ளியிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு வேகமும் மிகுகிறது. அவ்வாறாயின் தகட்டை ஒட்டிய எல்லைப் படலத்தில் நீர்மம் எப்படி ஓடும்? பாய்ம இயக்கவியலில் துல்லியமான விடை கிடைப்பது அபூர்வம். இக்கணக்குக்கோ ஒற்றை அடுக்குக்குறிச் சார்பில் விடை கிடைத்துவிடுகிறது. பத்து வரிகளில் முடிகிற இந்த இன்பத்துக்காகக் கிரேனுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பிறகு நடந்ததற்கு அவர் பொறுப்பாளியல்லர்.

பிறகு நடந்தது இது. அந்தத் தகட்டின்மேல் ஒருவர் காந்தப் புலத்தை ஏற்றினார். இன்னொருவர் தகட்டில் துளையிட்டு நீர்மத்தை உறிஞ்சினார். மூன்றாமவர் வெப்பக் கதிர்வீச்சைச் சேர்த்தார். நான்காமவர் இரசாயன வினையைச் சேர்த்தார். நானோ பாய்மம் என்ற சொல் 1995இல் பிறந்து பிரபலமானதும் செப்புத் துகள், அலுமினா, வெள்ளி எனத் தூவத் தொடங்கினார்கள். தூவியது போதாதென்று இரண்டு துகள்களைக் கலந்து ‘கலப்பின’ நானோ பாய்மம் என்றார்கள், பின்பு மூன்றைக் கலந்தார்கள். விளைவுகள் பத்து இருக்குமானால் அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுக்க நூற்றிருபது வழிகள் உண்டென்பது பள்ளிக் கணக்கு. ஒவ்வொரு வழியும் ஒரு கட்டுரை, சில வழிகள் சேர்ந்தால் ஒரு முனைவர் பட்டம். தகட்டை உருளையாக்கினால் எண்ணிக்கையை முதலிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.

கட்டுரையின் முதற்பத்தியை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். பிளாஸ்டிக் படலம் இழுத்தல், கண்ணாடி ஊதுதல், காகிதம் செய்தல், உலோகத் தகட்டைக் குளிர்வித்தல் ஆகியவற்றில் இவ்வோட்டம் பெரிதும் பயன்படுகிறது என்று அது கூறும். அதன்பின் அத்தொழிற்சாலைகளுள் ஒன்றைப்பற்றியும் ஒரு சொல் இராது. தகடு எந்தப் பொருளால் ஆனது, எத்தனை மில்லிமீட்டர் கனம், நொடிக்கு எவ்வளவு நீள்கிறது, யார் அதைப் பிடித்து இழுத்தார்கள் என்பவற்றுக்கெல்லாம் இடமேயில்லை. பரிமாணமற்ற எண்கள் வரும், அவை 0.5, 1, 1.5, 2 என்று படிப்படியாக ஏறும். வண்ண வண்ணமாக வரைபடங்கள் எழும். காந்த அளவுரு கூடினால் வேகம் குறைகிறது என்று முடிவு சொல்லப்படும். மின்கடத்தும் பாய்மத்தின் ஓட்டத்தைக் குறுக்கே நிற்கும் காந்தப் புலம் தடுக்கும் என்பது கணக்குப் போடாமலே தெரிந்த சங்கதியாயிற்றே!

ஒருநாள் நானே ஒரு சோதனை செய்து பார்த்தேன். தகடு நொடிக்கு ஒரு மடங்கு நீள்வதாகவும், பாய்மம் நாம் குடிக்கிற தண்ணீர் எனவும் வைத்துக்கொண்டு, அந்தக் காந்த அளவுரு 1 ஆவதற்கு எவ்வளவு காந்தப் புலம் வேண்டும் என்று கணக்கிட்டேன். நல்ல தண்ணீரின் மின்கடத்துத் திறனை மீட்டருக்கு 0.05 சீமன்ஸ் என்று கொண்டால் ஏறத்தாழ 140 டெஸ்லா வருகிறது. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுக்கிற இயந்திரம் 1.5 அல்லது 3 டெஸ்லா. கடல்நீரை எடுத்துக்கொண்டாலும் 14 டெஸ்லாவுக்குக் குறையாது. சில சதவீதம் செப்புத் துகள் தூவுவதால், அக்கட்டுரைகள் கையாளும் சூத்திரத்தின்படியே பார்த்தாலும், இக்கணக்கு அதிகம் மாறுவதில்லை. இது அரைப் பக்கக் கணக்கு. நான் படித்த நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகளில் ஒன்றிலாவது இதை ஒருவர் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்திருந்தால் காந்த அளவுருவுக்கு 5 என்ற எண்ணை வரைபடத்தில் எழுதக் கை கூசியிருக்கும்.

ஆய்வுக்கூடம் இல்லை என்ற சமாதானத்தை நான் ஏற்பதற்கில்லை. 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயும், ஒரு தொட்டித் தண்ணீரும், சாயமிட்ட ஓர் இழையும் கொண்டுதான் சீரான ஓட்டம் கொந்தளிப்பாக மாறும் எல்லையைக் கண்டார். அவர் பெயரால் வழங்கும் எண்ணை இவர்கள் ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதுகிறார்கள், அவர் செய்த காரியத்தை ஒருமுறையும் செய்ததில்லை. ஏழை நாட்டில் விஞ்ஞானம் இப்படித்தான் இருக்கும் என்பாருக்கு, ராமன் தம் புதிய கதிரைப் பற்றிய கட்டுரையை 1928இல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்த இந்தியச் சஞ்சிகையில் பிரசுரித்தார் என்பதையும், சுதந்திரம் பெற்றுப் பத்தாண்டே ஆன காலத்தில் பெங்களூரிலிருந்து சதீஷ் தவானும் ரொத்தம் நரசிம்மாவும், எல்லைப் படலம் ஒழுங்கிலிருந்து கொந்தளிப்புக்கு மாறுகிற பகுதியை அளவீடுகளைக்கொண்டு விளக்கி, பாட்செலர் 1956இல் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்’ சஞ்சிகையின் மூன்றாம் தொகுதியில் 1958இல் எழுதினார்கள் என்பதையும் நினைவூட்டுவேன். ஓரிடத்தில் ஓட்டம் எவ்வளவு நேரம் கொந்தளிக்கிறது, எவ்வளவு நேரம் அடங்கியிருக்கிறது என்ற எளிய கேள்வி, அதை அளந்தார்கள், அந்த விடை இன்றும் பயன்படுகிறது.

கணித அறிஞனுக்குப் பரிசோதனை எதற்கு என்று நண்பர் கேட்டார். நம்மவரான சந்திரசேகரைவிடக் கணிதத்தில் தோய்ந்த பாய்ம அறிஞர் யார்? 1961இல் வந்த அவருடைய பெருநூல் நீர்ம ஓட்டங்களின் நிலைப்புத் தன்மையைப் பற்றியது. பக்கத்துக்குப் பக்கம் சமன்பாடுகள். ஆயினும் அதில் கொள்கைக்குப் பக்கத்திலேயே பரிசோதனை உட்கார்ந்திருக்கிறது. பாதரசத்தைச் சூடேற்றிக் காந்தப் புலத்தில் வைத்த சிகாகோ சோதனைகள் அவருடைய கணக்குகளோடு ஒப்பிடப்படுகின்றன. காந்தமும் பாய்மமும் சேரவேண்டுமானால் பாதரசம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்குத் தண்ணீரே போதுமாயிருக்கிறது.

இக்கட்டுரைகளைச் சஞ்சிகைகள் எப்படி ஏற்கின்றன என்று வியப்பதற்கில்லை. எழுதுகிறவர், மதிப்பிடுகிறவர், மேற்கோள் காட்டுகிறவர் மூவரும் ஒரே வட்டத்தில் கைகோத்து நிற்கிறார்கள்; வட்டம் பெரிதாகப் பெரிதாக மேற்கோள் பெருகுகிறது; மேற்கோள் பெருகப் பட்டியலில் பெயர் ஏறுகிறது. இவ்வியாபாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹிந்தாவி பதிப்பகம் சாட்சி: 2023 ஒரே ஆண்டில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை அது திரும்பப் பெற்றது. அவை பலதுறைக் கட்டுரைகள். நம் தகட்டுக்கு அதில் எவ்வளவு பங்கென்று நான் எண்ணவில்லை. எண்ணவும் விருப்பமில்லை.

கோபம் வருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2024 டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், நாங்கள் சுற்றிவந்த அதே அண்ணாமலையின் சரிவு கரைந்து, பாறையும் சேறுமாக வ.உ.சி. நகரின்மேல் இறங்கி ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணை விழுப்புரத்தையும் கடலூரையும் மூழ்கடித்தது. சேறு எவ்வளவு தடித்தால் ஓடும், எவ்வளவு சரிவில் நிற்கும் என்பது பாய்ம இயக்கவியல். அணையைத் திறந்தால் எத்தனை மணி நேரத்தில் எந்தப் பாலத்தைத் தொடும் என்பதும் அதுவே. நம் ஏரித் தூம்பில் எவ்வளவு நீர் போகிறது என்பதும் அதுவே. இவற்றுக்குக் காந்தம் வேண்டாம், வெள்ளித் துகள் வேண்டாம். மழைக்காலத்தில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு மாணவன் போதும். மலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அமர்ந்து, எங்கும் இல்லாத ஒரு தகட்டை இவர்கள் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நண்பர் கோபிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு வாய்மொழித் தேர்வு இருக்கிறது, வந்து நீங்களே கேளுங்கள் என்றார். போனேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். செப்புத் துகள் கலந்த தண்ணீர், நீளும் தகடு, காந்தப் புலம், கதிர்வீச்சு, எல்லாம் இருந்தன. பிராண்டில் எண் 0.71 என்று எடுத்திருக்கிறீர்களே, அது தண்ணீருக்கு 6க்கு மேல் அல்லவா, 0.71 காற்றுக்குரியதாயிற்றே என்று கேட்டேன். முந்தைய கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கிறது என்று மாணவர் பணிவோடு சொன்னார். புறத்தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார், பட்டத்துக்குப் பரிந்துரை வாசிக்கப்பட்டது, பொன்னாடை வந்தது, எனக்கும் ஒரு பெட்டி இனிப்புக் கிடைத்தது. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது நண்பர் என் தோளில் கைவைத்துச் சொன்னார்:

“காற்றும் ஒரு பாய்மந்தானே, ஐயா.”