லாபத்தில் ஒளிந்திருக்கும் கூலி

கஃபே தொடங்குவது எப்படி என்று வகுப்பெடுத்தவர்கள் இப்போது அதை நல்ல விலைக்குக் கைமாற்றுவது எப்படி என்றும் வகுப்பெடுக்கிறார்கள். விற்பதற்கு ஓராண்டு முன்பே கடையைத் தயார் செய்யவேண்டும். ஆட்களைக் குறைத்து, விற்பனையைக் கூட்டி, கணக்கில் லாபம் எடுப்பாகத் தெரியும்படி வைத்துக்கொண்டால் கேட்ட விலை கிடைக்கும் என்பது அவர்களின் பாடம். சிறுதொழில் முதிர்ச்சி அடைந்ததற்கு இது அடையாளம் என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள்.

அந்தப் பாடத்தில் பாதி நியாயமானது. கசியும் குழாயைச் சரிசெய்வதும், பழைய ஃப்ரீசரை மாற்றுவதும், மாஸ்டரின் கைப்பக்குவத்தை அளவோடு எழுதி வைப்பதும் வாங்குபவருக்கும் நல்லதுதான். கணக்கை ஒழுங்காக்குவது இன்னும் நல்லது. தொழிலை வாங்குபவர் பழைய உரிமையாளரின் ஜிஎஸ்டி பாக்கிக்கும் சேர்ந்தே பொறுப்பாவார் என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆம் பிரிவு. 2025 ஜூலையில் யுபிஐ வரவுகளை வைத்துக் கர்நாடக வணிகவரித் துறை சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, பெங்களூருவில் பல கடைகள் க்யூஆர் அட்டையைக் கழற்றி வைத்தன. அந்தப் பதற்றத்தைப் பார்த்த எவரும் துப்புரவான ஏட்டைக் குறைத்துப் பேசமாட்டார்கள்.

பொய்க் கணக்கு வேறு விஷயம். 1926இல் லண்டன் சோஹோவில் பிறந்த பட்டிசெரி வலேரி என்ற கஃபே நிறுவனம், 2014இல் பங்குச்சந்தைக்கு வந்து, 2018 அக்டோபரில் கணக்கில் பெரும் ஓட்டை தெரிந்து, 2019 ஜனவரியில் திவால் நடவடிக்கைக்குள் போனது. அதை மோசடி என்று அழைக்க யாருக்கும் தயக்கமில்லை. இங்கே கேள்விக்குள்ளாவது, ஒரு சட்டத்தையும் மீறாமல், ஓர் எண்ணைக்கூடத் திருத்தாமல், ஊரறியச் செய்யப்படும் இன்னொரு காரியம்: உரிமையாளரின் உழைப்பைக் கடையின் லாபமாகக் காட்டி விற்பது.

அமெரிக்காவில் சிறு கடைகளை விற்றுத்தரும் தரகர்கள் இதற்கென்று ஒரு கணக்கே வைத்திருக்கிறார்கள். நிகர லாபத்தோடு உரிமையாளரின் சம்பளத்தைக் கூட்டுவார்கள். வட்டி, தேய்மானம், ஒரே ஒருமுறை வந்த செலவு, கடைக் கணக்கில் எழுதிய சொந்தச் செலவு ஆகியவையும் திரும்பச் சேரும். மொத்தத்தை இரண்டு போன்ற ஓர் எண்ணால் பெருக்கினால் விலை. அங்கே சம்பளம் என்று ஒரு வரியாவது இருக்கும். எதைக் கூட்டினார்கள் என்று வாங்குபவர் கேட்கலாம். நம் ஊரில் தனி உரிமையாளராக கஃபே நடத்துபவர் தனக்குத் தானே சம்பளம் எழுதிக்கொள்வதில்லை. எழுதினாலும் வருமான வரிச் சட்டம் அதைச் செலவாக ஏற்காது. சட்டத்தின் பார்வையில் அவரும் கடையும் ஒன்று. ஆகவே ஒப்பனை தொடங்கும் முன்பே ஏட்டின் லாபத்துக்குள் ஒரு மனிதரின் கூலி கலந்திருக்கிறது. சமையலறையில் மனைவியும் மாலைக் கல்லாவில் தம்பியும் நின்றால், கலந்திருப்பது மூன்று பேரின் கூலி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 90,000 ரூபாய் லாபம் காட்டும் ஒரு கஃபே. விடியுமுன் பால் இறக்கி, டிகாஷன் போட்டு, இரவு ஷட்டரை இழுத்துவிடுவது வரை உரிமையாளர்தான். சமையல் அவர் மனைவி. இருவருக்கும் பதிலாக ஆள் வைத்தால் 25,000, 20,000 என்று 45,000 போய்விடும். இரண்டாண்டு லாபத்தை விலையாகக் கேட்டால் ஏட்டின்படி 21,60,000 ரூபாய்; கடை தானாகச் சம்பாதிப்பதன்படி 10,80,000. சரிபாதி.

விற்பனைக்குத் தயார் செய்வது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவேண்டும். நடப்பதோ நேர்மாறு. ஆள் செலவைக் குறை என்பதுதான் முதல் ஆலோசனை. 18,000 வாங்கிய ஒருவரை அனுப்பிவிட்டு, அவர் வேலையைக் குடும்பமே இழுத்துப்போட்டுச் செய்யும். கடையில் ஒரு டீ கூடுதலாக விற்கவில்லை; ஆனால் மாத லாபம் 18,000 ஏறிவிடும், கேட்கும் விலை 4,32,000 ஏறிவிடும். ஓராண்டு முதுகு ஒடிய நின்றதை, என்றைக்கும் வரப்போகும் வருமானம்போலக் காட்டி இரண்டாண்டுப் பெருக்கலில் விற்கிறார்கள். டிகாஷனில் சிக்கரியைக் கூட்டுவது, செயலியில் தள்ளுபடி கொடுத்து ஆர்டரைப் பெருக்குவது எல்லாம் இதற்கு முன்னால் சில்லறைத் தந்திரங்கள். வாங்குபவர் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். வேலைக்காரர் இருந்த இடத்தில் உரிமையாளர் நிற்பதைப் பார்க்கிறவருக்கோ அது தந்திரமாகத் தெரியாது, சுறுசுறுப்பாகத் தெரியும்.

வாங்குபவரும் கடையில் நிற்கத்தானே போகிறார், பிறகென்ன நஷ்டம் என்று இந்த முறையை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள். நிற்கட்டும். அவர் நின்று சம்பாதிப்பது அவருடைய கூலி. அடுத்த இரண்டாண்டு தான் பார்க்கப்போகும் வேலையின் சம்பளத்தை, வேலை பார்ப்பதற்கு முன்பே இன்னொருவர் கையில் மொத்தமாக எண்ணிக் கொடுக்கச் சொல்வதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? அந்தப் பணம் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்கவேண்டும். வளைகுடாவில் பத்துப் பதினைந்து வருடம் சேர்த்தது, விருப்ப ஓய்வில் கைக்கு வந்தது, நகையை அடகு வைத்துப் புரட்டியது. பேரம் பேசத் தெரிந்த முதலாளிகள் கடை விற்பனை விளம்பரங்களைப் பார்த்து வருவதில்லை. வருபவர்களுக்கு இது முதல் கடை.

பழைய உரிமையாளரின் உழைப்போடு அவர் முகமும் போய்விடுகிறது. காலை வாடிக்கையாளர் பாதிப் பேர் அவருக்காக வந்தவர்கள். அவரிடம் முன்பணம் வாங்கி, அந்தக் கடப்பாட்டில் வேலை பார்த்த மாஸ்டர் புது முதலாளியிடம் தங்குவார் என்று எந்தப் பத்திரமும் சொல்வதில்லை. கட்டட உரிமையாளர் புதிய வாடகை கேட்பார். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதமில்லாமல் இடத்தைக் கைமாற்ற முடியாது. உணவுப் பாதுகாப்பு உரிமத்தையும் புதியவர் தன் பெயரில் புதிதாகத்தான் எடுக்கவேண்டும். 'குட்வில்' என்று தனியாக ஒரு தொகை கேட்கப்படும்போது, அதில் எவ்வளவு பழைய உரிமையாளரோடு கிளம்பிப் போகப்போகிறது என்று தரகர்கள் பிரித்துச் சொல்வதே இல்லை. தரகு விலையில் விழுக்காடாக இருக்கும்வரை சொல்லவும் மாட்டார்கள்.

கடையை உண்மையிலேயே தயார் செய்ய விரும்புகிறவருக்கு வழி இருக்கிறது. விற்பதற்கு முன் மூன்று மாதம் உரிமையாளரும் குடும்பமும் ஒதுங்கியிருந்து, சம்பள ஆட்களை வைத்து நடத்தி, அந்த மூன்று மாத ஏட்டைக் காட்டட்டும். அந்த எண்ணைத்தான் பெருக்கவேண்டும். விலை இறங்கும், சில கடைகளில் பாதிக்கும் கீழே போகும். சம்பள ஆட்களை வைத்தால் ஒன்றுமே மிஞ்சாத கடைக்கு மேசை, நாற்காலி, காபி இயந்திரம், அட்வான்ஸ் ஆகியவற்றின் மதிப்பு மட்டுமே விலை. வகுப்பெடுப்பவர்களின் பட்டியலில் பெயர்ப்பலகைக்கும் சுவர் வண்ணத்துக்கும் வரி இருக்கிறது. உரிமையாளர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கடையில் நிற்கிறார் என்பதற்கும் அதில் ஒரு வரி சேர்க்கட்டும்.