ஆப் வேண்டாம், ரவுட்டர் வேண்டாம்!

ஈஎஸ்பி32 பற்றி என்னிடம் யாராவது வாயைக் கொடுத்தால் அவர் கையிலிருக்கும் டீ ஆறிப்போவது நிச்சயம். சுங்குவார்சத்திரம் டீக்கடையில் இதனாலேயே என்னைக் கண்டு நழுவுகிறவர்கள் உண்டு. நழுவட்டும்! தீப்பெட்டியைவிடச் சின்னப் பலகை ஒன்றில் ரேடியோவும் கம்ப்யூட்டரும் வெப் சர்வரும் கேமராவும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்போது மனுஷன் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

நான் செய்ய நினைத்தது ஒரு குட்டி ரோபோ வண்டி. போன் பிரவுசரில் நாலு அம்புக்குறி. தொட்டால் ஓட வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். ஒரகடம் பக்கம் நாங்கள் இருக்கும் அறை வரிசையில் திருநெல்வேலிக்காரரும் உண்டு, ஒடிசாக்காரரும் உண்டு. ஒருவரிடம் பழைய ஆண்ட்ராய்டு, இன்னொருவரிடம் தவணையில் வாங்கிய ஐபோன். எல்லாரையும் ஆப் இறக்கச் சொன்னால் நடக்குமா? பிரவுசர் எல்லாரிடமும் இருக்கிறது, அம்புக்குறிக்கு மொழியும் தேவையில்லை. ஆனால் அறைகளில் வைஃபை கிடையாது. அவரவர் டேட்டா அவரவருக்கு. ஆக, வண்டியே தன் நெட்வொர்க்கைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

இந்த ஒரு நிபந்தனை போதும், சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பாதிச் சரக்கு கழிந்துவிடும். ஹெச்சி-05 புளூடூத் பலகை எல்லாரும் முதலில் வாங்குவது. ஆப் எழுதினால் அருமையாக ஓடும். ஆனால் பிரவுசரின் வெப் புளூடூத் பேசுவது பிஎல்இ எனும் குறைமின் புளூடூத்தோடு மட்டும். ஹெச்சி-05 பழைய ரகம். பிஎல்இ பலகையே வாங்கினாலும் ஐபோனின் சஃபாரி கதவைத் திறக்காது. என்ஆர்எஃப்24 ரேடியோ மலிவு, வேகம், இரண்டு ஆர்டுயினோவுக்கு நடுவில் ராஜா. போனுக்கு அதன் பாஷை புரியாது. லோரா ரேடியோ கிலோமீட்டர் கணக்கில் போகும், இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். பிறகு கேமராவும் வைக்க ஆசை, ஆனால் வீடியோ அனுப்பும் வேகம் அதற்கு இல்லை. ராஸ்பெர்ரி பை நல்ல பிள்ளை. ஆனால் பொம்மை வண்டி லினக்ஸ் எழுந்து வரும்வரை காத்திருப்பது எனக்கு ஆகாது.

ஈஎஸ்பி32-க்கு வாருங்கள். ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனத்துச் சில்லு இது. இதன் அண்ணன் ஈஎஸ்பி8266 பொழுதுபோக்குக்காரர்கள் கைக்கு வந்தது 2014-இல். ஈஎஸ்பி32 வந்தது 2016-இல்: இரண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ், வைஃபை, புளூடூத். மின்சாரம் கொடுத்ததும் அதுவே ஹாட்ஸ்பாட் ஆகிறது, பிரவுசரில் 192.168.4.1 என்று அடித்தால் அம்புக்குறிப் பக்கம் வண்டிக்குள்ளிருந்தே வருகிறது! “லிங்க் அனுப்புங்கண்ணே” என்று பக்கத்து அறைத் தம்பி கேட்டான். அனுப்ப என்ன இருக்கிறது? ஹாட்ஸ்பாட் பெயரையும் பாஸ்வேர்டையும் க்யூஆராக்கி வண்டி முதுகில் ஒட்டிவிட்டேன். பணம் அனுப்பிப் பழகிய கைகள், தானாக ஸ்கேன் செய்கின்றன.

அடுத்த சந்தோஷம் வெப்சாக்கெட். ஒவ்வொரு தொடுதலுக்கும் தனித்தனி வேண்டுகோள் அனுப்பினால், விரலை எடுத்த பிறகும் வண்டி கொஞ்ச தூரம் போய்த்தான் நிற்கும். வெப்சாக்கெட்டில் ஒரு தடவை போட்ட இணைப்பு திறந்தே இருக்கிறது. ஓர் எழுத்து அனுப்பினால் போதும், விரல் எழும்போதே சக்கரம் நிற்கிறது. விரல் அழுத்தியிருக்கும்வரை பக்கம் அந்த எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பட்டும், அரை வினாடி செய்தி வராவிட்டால் மோட்டாரை நிறுத்து என்று நிரலில் கட்டாயம் எழுதுங்கள். அழைப்பு வந்து யாராவது போனைக் காதில் வைத்தாலும் வண்டி சுவரில் முட்டாது.

கேமரா வைத்த ஈஎஸ்பி32-கேம் இன்னும் ஆனந்தம். கட்டிலுக்கடியில் போய் யாருடைய செருப்பு என்று நேரலையில் காட்டுகிறது. 640-க்கு 480 அளவே போதும், பெரிதாகக் கேட்டால் படம் திக்கும். மெமரி கார்டை மறந்துவிட்டால் 12, 13, 14, 15 எண் கால்கள் மோட்டார் டிரைவருக்குக் கிடைக்கும்.

இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் தகரக் கூரை, இரும்புத் தூண், ஆலை வைஃபை. ஆன்டெனா முனையைச் சேசிஸுக்கு வெளியே நீட்டி வையுங்கள். பேட்டரிக்கு அடியில் புதைத்தால் அடுத்த அறைகூடத் தாண்டாது. சேனல் 1, 6, 11-இல் எது காலியோ அதைப் பிடியுங்கள். வைஃபை அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் சட்டென்று எகிறும். அதே கணம் மோட்டாரும் கிளம்பினால் மின்னழுத்தம் சரிந்து பலகை மறுபடி முதலிலிருந்து எழும். மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் இணைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆண்ட்ராய்டு போன் ‘இணையம் இல்லை’ என்று முறையிட்டு டேட்டாவுக்குத் தாவப் பார்க்கும். “இருந்தாலும் இணைந்திரு” என்பதைத் தட்டுங்கள்.

வாங்கும்போது ஒன்று: கேமராப் பலகையில் பெரும்பாலும் யுஎஸ்பி வாய் இருக்காது. நிரல் ஏற்ற உதவும் யுஎஸ்பி அடிப்பலகையையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.